கோட்டாறு திருவிழாவில் வாங்கிய தகரப் படகும், பூ வரையும் பல் சக்கரமும்

டிசம்பர் 3 நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, எங்கள் குமரி மாவட்டத்துக்கே அன்று லீவு. கடைசி இரண்டு நாள் கூட்டத்தில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நிதானமாகக் கடை பார்க்க முடியாது, அதனால் நாங்கள் எப்போதும் கொடி ஏறி மூன்றாம் நாளோ நாலாம் நாளோ சாயங்காலம் போய்விடுவோம். இந்த முறை வளையல் கடை, பேரீச்சம்பழக் கடை எல்லாம் தாண்டி ரோட்டோரம் வரும்போது ஒருவர் தார்ப்பாய் விரித்து, நடுவில் ஒரு பேசினில் தண்ணீர் வைத்திருந்தார். அந்தத் தண்ணீரில் கை அகலத்துக்கு ஒரு தகரப் படகு டப டப டப என்று சுற்றிக்கொண்டிருந்தது. எனக்குக் கால் அங்கேயே நின்றுவிட்டது. அந்தச் சத்தத்தைக் கடைசியாகக் கேட்டு முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கும்.

என் மகள் ஆறாம் வகுப்பு. குனிந்து பார்த்துவிட்டு, "ம்மா, இதுக்கு பேட்டரி எங்க இருக்கு?" என்றாள். கடைக்காரர் படகைத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டினார். "பேட்டரியும் இல்ல, மோட்டாரும் இல்ல மக்கா. ஒரு திரி, ரெண்டு குழாய். அவ்வளவுதான்."

படகு 100 ரூபாய். அதே கடையில் கலைடாஸ்கோப், அதாவது கண்ணில் வைத்துத் திருப்பினால் உள்ளே வண்ணக் கோலம் மாறுகிற குழல், 80 ரூபாய். திரும்பும் வழியில் ஒரு ஸ்டேஷனரி கடையில் சக்கரம் வைத்துப் பூ வரைகிற பிளாஸ்டிக் செட் 60 ரூபாய். ஆக மொத்தம் 240. ஒன்றரை மாதம் வீட்டில் பாடாகப் படுத்திய பிறகு எழுதுகிறேன், யாராவது வாங்குவதாக இருந்தால் உதவும்.

முதலில் படகு. மெல்லிய தகரத்தில் செய்து சிவப்பும் பச்சையும் அடித்திருக்கிறார்கள், வர்ணம் ஓரங்களில் சரியாக ஒட்டவில்லை, விளிம்பு கொஞ்சம் கூராக இருக்கிறது. கொடுக்கும் முன்னால் உப்புத்தாளில் ஒரு தேய்ப்புத் தேய்த்துக் கொடுங்கள். உள்ளே தீப்பெட்டியைவிடச் சின்னதாகத் தட்டையான ஒரு டப்பா, அதிலிருந்து இரண்டு மெல்லிய குழாய் படகின் பின்பக்கமாகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. ஒரு குழாயில் இங்க் ஃபில்லரால் தண்ணீர் ஏற்ற வேண்டும், மற்றதில் தண்ணீர் வழிந்தால் டப்பா நிறைந்துவிட்டது என்று அர்த்தம். குழாயின் வாயை விரலால் பொத்திக்கொண்டே படகைத் தண்ணீரில் வைத்து, எண்ணெயில் நனைத்த திரியைப் பற்றவைத்து டப்பாவுக்கு அடியில் தள்ளிவிட வேண்டும். நாங்கள் ஊற்றியது தேங்காய் எண்ணெய், அது போதும். அரை நிமிஷம் ஒன்றும் நடக்காது. அப்புறம் ஒரு சின்ன உதறல், ஒரு டப், இன்னொரு டப், பிறகு தொடர்ந்து டப டப டப. குளச்சல் பக்கம் விடியற்காலையில் போட்டுகள் கிளம்புகிற சத்தத்தைக் கேட்டவர்களுக்கு இது அதன் குட்டி என்று உடனே தெரியும்.

இது எப்படி ஓடுகிறது என்று மகளிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது. டப்பாவில் உள்ள தண்ணீர் சூடாகி ஆவியாகிறது, ஆவி குழாயில் உள்ள தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது, படகு முன்னால் போகிறது. இதுவரை எளிது. ஆனால் ஆவி குழாய்க்குள் வந்ததும் குளிர்ந்து சுருங்கிவிடும், வெளியே போன தண்ணீர் திரும்ப உள்ளே ஏறும். அப்படியென்றால் தள்ளும்போது முன்னால் போன படகு, இழுக்கும்போது அதே அளவு பின்னால் வர வேண்டாமா? இதை அவளாகவே கேட்டாள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது, சிறு வயதில் எனக்கு அந்தக் கேள்வி வந்ததே இல்லை.

அதற்கு ஒரு மெழுகுவத்தி போதும். எரிகிற மெழுகுவத்தியை ஒரு கை தூரத்தில் வைத்து ஊதினால் அணைந்துவிடும். அதே தூரத்தில் நின்று மூச்சை உள்ளே இழுத்து அணைக்கச் சொன்னேன். எவ்வளவு இழுத்தும் சுடர் அசையவில்லை. ஊதும்போது காற்று ஒரே திசையில் நேராகப் போகிறது, இழுக்கும்போது வாயைச் சுற்றி எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது. படகின் குழாயும் அப்படித்தான். வெளியே போகிற தண்ணீர் பின்பக்கமாக ஒரே பீச்சாகப் போகிறது, உள்ளே வருகிற தண்ணீர் நாலா பக்கமும் இருந்து வருகிறது. அதனால் மொத்தக் கணக்கில் படகு முன்னால்தான் போகும். டப டப சத்தம் டப்பாவின் மேல் தகடு ஆவியில் உப்பி, ஆவி சுருங்கும்போது அமுங்குவதால் வருகிறது. 1891-இல் தாமஸ் பியோ என்ற பிரெஞ்சுக்காரர் பிரிட்டனில் இந்தப் படகுக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். நம் ஊர்த் திருவிழாவில் தார்ப்பாயில் கிடக்கிற சாமானுக்கு இவ்வளவு வயது என்று எனக்கும் இப்போதுதான் தெரியும்.

குறை என்று பார்த்தால், எங்கள் படகு நாலாவது நாளே நின்றுவிட்டது. திரி எரிகிறது, சத்தம் இல்லை. டப்பாவைத் தண்ணீருக்குள் முக்கிக் குழாயில் ஊதிப் பார்த்தால் மூலையில் ஊசித்துளை வழியாகக் குமிழி வருகிறது. தெருமுனையில் டிவி ரிப்பேர் செய்கிற அண்ணாச்சி ஒரு சொட்டு ஈயம் வைத்துக் கொடுத்தார், காசு வேண்டாம் என்றுவிட்டார், பதிலுக்கு அவர் கடைத் தொட்டியிலேயே ஒரு தடவை ஓட்டிக் காட்டச் சொன்னார். அவர்தான் இன்னொன்றும் சொன்னார். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை ஈயத்துக்கு ஒன்றும் ஆகாது, தண்ணீரின் சூடு 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும், இந்த ஈயம் உருக 183 டிகிரி வேண்டும். தண்ணீர் ஏற்றாமல் திரியை வைத்தால்தான் கழன்றுவிடும். ஆகவே பிள்ளைகளிடம் முதலில் சொல்ல வேண்டியது: தண்ணீர் முதலில், தீ பிறகு. பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் இதை ஓட்டக் கூடாது, நெருப்பு நெருப்புதான்.

இனி அந்தப் பூ சக்கரம். இதைப் பற்றி எனக்கு ஒருபாடு சொல்ல இருக்கிறது.

1989-இல், அதாவது குவைத் சண்டைக்கு முந்தின வருஷம், எங்கள் சித்தப்பா லீவில் வந்தபோது டேப் ரெக்கார்டர், சென்ட் பாட்டில், பெரியவர்களுக்குத் துணி எல்லாம் எடுத்த பிறகு பெட்டிக்கு அடியிலிருந்து எனக்கும் அண்ணனுக்கும் என்று ஒரு அட்டைப் பெட்டியை எடுத்துத் தந்தார். மேலே ஸ்பைரோகிராஃப் என்று எழுதியிருந்தது. உள்ளே கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக்கில் பெரிய வளையம் இரண்டு, பல் வைத்த சக்கரங்கள் ஒரு வரிசை, குண்டூசிகள், நாலு நிறப் பேனா. வளையத்தைக் குண்டூசியால் அட்டையில் குத்தி நிறுத்தி, உள்ளே சக்கரத்தை வைத்து, சக்கரத்தின் ஓட்டையில் பேனா முனையை விட்டுச் சுற்றினால் கோடு தன்னாலே பூவாகும். அதைப் பார்த்துவிட்டு அம்மா, "கொள்ளாமே, அத்தப்பூ மாதிரி இருக்கு" என்றாள். அந்த வருஷ மார்கழியில் வாசலில் இதைப் பார்த்து ஒரு கோலம் கூடப் போட்டாள்.

இதைக் கண்டுபிடித்து விற்பனைக்குக் கொண்டுவந்தவர் டெனிஸ் ஃபிஷர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1965-இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சியில் வைத்தார். பொறியாளர் செய்தது என்பது அந்தச் சக்கரங்களில் தெரியும், ஒவ்வொன்றிலும் எத்தனை பல் என்று எண் பொறித்திருக்கும். சின்ன வயதில் அந்த எண்கள் எனக்குச் சக்கரத்தின் பெயர் மட்டும்தான். "அந்த 52-ஐ எடு" என்போம். அந்த 52 மட்டும்தான் இன்றும் என்னிடம் இருக்கிறது, மற்றதெல்லாம் வீடு மாறி மாறிப் போய்விட்டது. தையல் பெட்டியில் பட்டன்களோடு கிடந்தது, ஓரம் லேசாக மஞ்சள் அடித்திருக்கிறது.

60 ரூபாய் செட்டை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நான் முதலில் செய்தது அந்த 52-ஐ இதன் வளையத்துக்குள் வைத்துப் பார்த்ததுதான். சேரவில்லை. பல்லின் இடைவெளி வேறு, இரண்டு பல் கடித்து மூன்றாவது ஏறி நின்றது. மனசு கொஞ்சம் விழுந்துவிட்டது.

புது செட்டில் ஒரு நீளப் பலகை, அதில் பெரிய வட்ட ஓட்டை, ஓட்டையின் உள்விளிம்பில் பல், கூடவே ஐந்து சக்கரம். எந்தச் சக்கரத்திலும் எண் இல்லை. என்னைக் கேட்டால் இந்தச் சாமானின் மிகப் பெரிய குறை இதுதான், பிளாஸ்டிக் மெல்லிசு என்பதெல்லாம் அடுத்ததுதான். எண் இல்லாவிட்டால் பிள்ளை சுற்றுவாள், பூ வரும், இரண்டு நாளில் மேசைக்கு அடியில் போய்விடும்.

சரி, நாமே எண்ணுவோம் என்று உட்கார்ந்தோம். மார்க்கரால் பத்துப் பல்லுக்கு ஒரு புள்ளி. வளையத்தை எண்ணியதில் முதலில் 95 வந்தது, அடுத்து 96, மூன்றாவது தடவையும் 96. சக்கரங்கள் 35, 36, 40, 48, 60. அவற்றை அவளே சின்ன எழுத்தில் சக்கரத்தின் மேல் எழுதி, அழியாமல் இருக்க மேலே செலோடேப் ஒட்டினாள். பிறகுதான் உண்மையான விளையாட்டே ஆரம்பித்தது.

36 சக்கரத்தில் 8 இதழ் வந்தது. ஏன் எட்டு? சக்கரம் தன் பல் மொத்தத்தையும் ஒரு தடவை பதித்தால் ஒரு இதழ். புறப்பட்ட பல் புறப்பட்ட இடத்துக்கே மறுபடி வந்தால்தான் படம் மூடும். 96-க்கும் 36-க்கும் மீச்சிறு பொது மடங்கு 288, அதை 36-ஆல் வகுத்தால் 8. ஆறாம் வகுப்புப் பாடத்தில் இருக்கிற கணக்கு, பரீட்சைக்குப் போட்டிருக்கிறாள், ஆனால் அது எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமலேயே பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. 40 சக்கரத்துக்கு முன்கூட்டியே கணக்குப் போட்டு, காகிதத்தின் மூலையில் 12 என்று எழுதி வைத்துவிட்டு வரைந்தாள். எண்ணினாள். பன்னிரண்டு. அப்போது அவள் முகம் இருந்ததைப் பார்க்கத்தான் அந்த 60 ரூபாய் என்று எனக்குத் தோன்றியது.

60 சக்கரத்துக்கும் 8 என்று கணக்கு வந்தபோது தப்பு என்று நினைத்துவிட்டாள். வரைந்தால் எட்டேதான். 36-க்கும் 60-க்கும் ஒரே எண்ணிக்கை இதழ், கூட்டினால் 96 வேறு! அதை அவள்தான் கவனித்தாள். ஆனால் 36 மூன்று சுற்றில் முடித்ததை 60 ஐந்து சுற்றில் முடிக்கிறது.

48-இல் முதலில் அழுகை வராத குறை. பூவே வரவில்லை, ஒரு முட்டை. வேறு ஓட்டையில் வைத்தாலும் முட்டை, இன்னும் நசுங்கின முட்டை. வளையத்தில் சரிபாதி அளவு சக்கரம் என்பதால் அப்படி. ஓட்டை நடுவுக்குப் பக்கத்தில் இருந்தால் ஏறக்குறைய வட்டம், ஓரத்துக்குப் போகப் போக ஒடுங்கிக்கொண்டே வரும், சக்கரத்தின் சரியான விளிம்பில் பேனாவை வைக்க முடிந்தால் வருவது ஒரே நேர்கோடு. உருளுகிற வட்டம் நேர்கோடு போடும் என்பதை 13-ஆம் நூற்றாண்டிலேயே பாரசீக வானியலாளர் நசீருத்தீன் தூசி சொல்லி வைத்திருக்கிறார். நாங்கள் விளிம்புக்கு மிக நெருக்கமான ஓட்டையை வைத்துப் பார்த்தோம், முருங்கை இலையைவிட ஒடுக்கமாக ஒரு வடிவம் வந்தது. நாலைந்து ஓட்டையில் மாற்றி மாற்றி வரைந்தால் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கு முட்டை. முதலில் முகம் வாடினவள் கடைசியில் அதிகம் வரைந்தது அந்த 48-ஐ வைத்துத்தான்.

35 சக்கரம் பொறுமைக்கு. 96-க்கும் 35-க்கும் பொதுக் காரணியே கிடையாது, அதனால் 96 இதழ், வளையத்தை 35 முறை சுற்ற வேண்டும். இருபத்தெட்டாவது சுற்றில் பேனா வழுக்கிக் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டது. காகிதத்தைக் கிழித்துப்போடப் போனாள், வேண்டாம் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் தானாகவே உட்கார்ந்து முழுசாக முடித்தாள். பனையோலைப் பெட்டியின் மூடி மாதிரி நெருக்கமான பின்னல். சுவரில் ஒட்டியிருக்கிறோம், வழுக்கினதும் பக்கத்திலேயே.

வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஜெல் பேனா வேண்டாம், மை காயும் முன் சக்கரம் தேய்த்து ஈஷிவிடும், சாதாரண பால்பாயிண்ட் ரீஃபிலை மட்டும் பேனாவிலிருந்து உருவி எடுத்து வைத்து வரைந்தால் ஓட்டையில் ஆடாமல் நிற்கும். பலகை நகராமல் இருக்க அடியில் இரண்டு பக்க டேப் ஒட்டி, பழைய காலண்டர் அட்டை மேல் வைத்துக்கொள்ளுங்கள். இந்த செட்டில் பல் முழுசாக வார்க்காமல் விட்ட சக்கரங்களும் வருகின்றன, கடையிலேயே உறையைப் பிரித்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து வாங்குங்கள். எங்களுக்குத் தந்த முதல் செட்டில் ஒரு சக்கரம் அப்படி இருந்தது, கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார்.

கலைடாஸ்கோப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 1817-இல் டேவிட் ப்ரூஸ்டர் காப்புரிமை வாங்கிய சாமானின் வழியில் வந்த மூன்று கண்ணாடி ஏற்பாடுதான், ஆனால் உள்ளே கண்ணாடிக்குப் பதிலாகப் பளபளப்புத் தாள், அதுவும் ஒரு பக்கம் சுருங்கியிருக்கிறது, பிம்பம் வளைகிறது. முனையை ஒட்டி மூடிவிட்டார்கள், உள்ளே உள்ள மணியை மாற்ற முடியாது. சின்ன வயதில் படத்துக்குச் சட்டம் போடுகிற கடையில் மிச்சம் விழுகிற கண்ணாடித் துண்டு மூன்றை ஒரே அளவாக வெட்டி வாங்கி, பின்னால் கருப்புத் தாள் ஒட்டி, உடைந்த வளையல் துண்டு போட்டு நாங்கள் செய்ததே இதைவிட நன்றாக இருந்தது. 80 ரூபாய்க்கு இது வேண்டாம். கண்ணாடித் துண்டு வாங்கி ஓரத்தில் டேப் சுற்றிக் கையைக் கிழிக்காமல் நீங்களே செய்துகொடுங்கள்.

அப்போதெல்லாம் அப்படித்தான் பாதிச் சாமான் வீட்டில் உருவாகும். பியூஸ் போன பல்பின் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுத் தண்ணீர் நிரப்பினால் அது லென்ஸ். கதவை ஒருக்களித்து வைத்து, வெளியே அண்ணன் முகம் பார்க்கும் கண்ணாடியில் வெயிலைப் பிடித்து உள்ளே அனுப்புவான், நான் ஃபிலிம் துண்டைத் தலைகீழாகப் பிடிப்பேன், சுவரில் படம் நேராக விழும். சூரியன் நகர நகர அவன் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். முழுப் படத்தையும் பார்த்தவள் நான், வெயிலில் நின்றவன் அவன். ஸ்பீக்கர் காந்தத்தை மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இழுத்து ஒட்டுகிற கருப்பு மணலைக் காகிதத்தின் மேல் ஆட வைத்ததும் அவன் சொல்லித் தந்ததுதான். அந்த மணலில் இரும்பும் டைட்டேனியமும் கலந்த இல்மனைட் இருக்கிறது என்று பிற்பாடுதான் தெரிந்தது. இப்போது கடைகளில் விற்கிற சின்னச் சின்ன உருண்டைக் காந்தம் மட்டும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். இரண்டை விழுங்கிவிட்டால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து ஓட்டை போட்டுவிடும், ஆபரேஷன் வரை போகும்.

இதைப் படிக்கிறவர்கள் எழுதி அழிக்கிற எல்சிடி ஸ்லேட் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. காகிதம் மிச்சம், பயணத்துக்கு வசதி, அதில் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பட்டனை அமுக்கினால் எல்லாம் போய்விடுகிறது, எங்கே போனது என்று பிள்ளையால் பார்க்க முடியாது. தகரப் படகில் திரியும் குழாயும் கண்ணுக்கு எதிரே இருக்கின்றன, பல் சக்கரத்தில் பல்லை விரலால் எண்ணலாம், நின்றுபோனால் ஏன் நின்றது என்று தேடலாம். எனக்கு வேண்டியது அதுதான்.

மதிப்பெண் என்று கேட்டால் படகுக்கு ஐந்துக்கு நாலு, ஊசித்துளைக்காக ஒன்று குறைத்தேன். பூ சக்கரத்துக்கு மூன்றரை, பல்லின் எண்ணை அச்சடித்துவிட்டால் ஐந்தே கொடுப்பேன், தயாரிப்பவர்களுக்கு அது பெரிய செலவும் இல்லை. கலைடாஸ்கோப்புக்கு ஒன்று.

படகுக்காரரை இரண்டாவது தடவை, திருவிழா முடிவதற்கு முந்தின நாள் பார்த்தோம். ஈயம் வைத்த கதையை மகள் சொன்னதும், அடுத்த முறை குழாயில் ஊதிப் பார்த்தே எடுத்துத் தருகிறேன் என்றார். மாசியில் மண்டைக்காடு கொடைக்குக் கடை போடுகிறாராம். பந்தயம் விட வேண்டும் என்று மகள் நீலத்தில் ஒன்றும் மஞ்சளில் ஒன்றும் சொல்லி வைத்திருக்கிறாள். மஞ்சள் என் அண்ணனுக்கு.